வால்வில் படிந்த தூசி

ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதல் நடக்கும் நாளில் காட்டுப்பள்ளிக் கரையிலிருந்து வடக்கே பார்த்தால் ராக்கெட் தெரியும். முதலில் ஒரு வெளிச்சம் எழும், சத்தம் பின்னால்தான் வந்து சேரும். அன்று பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடுகிறது. நாடே தொலைக்காட்சியில் பார்க்கும் காட்சியை இந்த ஏரியோரக் குப்பங்கள் தொழிலுக்குப் போகாமல் நின்று பார்க்கின்றன. இந்தியாவின் பெரிய விஞ்ஞானிகள் இந்த ஊர்களுக்கு இவ்வளவு பக்கத்தில் வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பற்றி நாம் எழுதும் புத்தகங்களிலிருந்து இங்குள்ள ஒரு பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

தமிழில் விஞ்ஞானி வரலாறு என்றால் அதற்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. வறிய வீடு, கண்டுகொண்ட ஆசிரியர், கடல் தாண்டிய படிப்பு, ஒரு தோல்வி, ஒரு வெற்றி, கடைசியில் விருதுகளின் பட்டியல். பெயரை மாற்றினால் அடுத்த நூல் தயார். இந்த வார்ப்பைக் குறை சொல்வது எளிது. அதற்கு முன் அது செய்த நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்துல் கலாமின் தன்வரலாறான ‘அக்னிச் சிறகுகள்’ தமிழில் வந்த பிறகு, வீட்டில் வேறு புத்தகமே இல்லாத எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலாக ஒரு முழு நூலைப் படித்தார்கள். ராமேசுவரத்துக் கரையில் படகு கட்டிய ஒருவரின் மகன் அந்த நூலில் பேசுகிறார். கடற்கரைப் பிள்ளைக்கு அது தன் வீட்டுக் கதை. அந்த நெருக்கத்தை எந்தப் பாடநூலும் தந்ததில்லை.

அந்த வரிசையில் மிக அதிகமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல் தோற்றது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான் செய்தியாளர்கள் முன் தாமே போய் அமர்ந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, செய்தியாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பிவைத்தார். கலாமே மேடைதோறும் இதைச் சொல்லியிருக்கிறார். அருமையான நிகழ்ச்சி. நம் அலுவலகங்களில் பழி கீழ்நோக்கியும் புகழ் மேல்நோக்கியும் பாய்வதைப் பார்த்துச் சலித்த எவருக்கும் இது மனத்தைத் தொடும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் வருத்தம், சொல்லாமல் விடப்படுவதில் இருக்கிறது. ராக்கெட் ஏன் விழுந்தது? இந்தக் கதையைக் கேட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோருக்குத் தெரியாது. இத்தனைக்கும் கலாம் தம் நூலில் அதை விரிவாகவே எழுதியிருக்கிறார். முதல் கட்டம் சரியாக வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தைத் திசை பிசகாமல் நிறுத்த வேண்டிய கட்டுப்பாட்டு அமைப்பு கைவிட்டது. அந்த அமைப்புக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் ஏவுதலுக்கு முன்பே கசிந்துபோயிருந்தது. காரணம், ஒரு வால்வு மூடாமல் நின்றுவிட்டது. வால்வு மூடாததற்குக் காரணம் அதில் படிந்த மாசு. 317 வினாடிகளில் பயணம் முடிந்து, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 560 கிலோமீட்டர் தள்ளி மிச்சம் கடலில் விழுந்தது.

காட்டுப்பள்ளியில் ஃபைபர் படகு ஓட்டுபவரின் மகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். டீசலில் தூசி சேர்ந்து எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அப்பா ஃபில்டரைக் கழற்றித் துடைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். 17 டன் எடையுள்ள ராக்கெட்டும் அதே போன்ற சிறு அழுக்கால் விழும் என்று அறியும்போது, ராக்கெட் அவள் கைக்கு எட்டும் பொருளாகிவிடுகிறது. தலைவரின் பெருந்தன்மையைக் கேட்டால் அவள் வியப்பாள். வால்வைப் பற்றிக் கேட்டால் அடுத்த கேள்வி கேட்பாள். கதையைத் திரும்பச் சொல்பவர்கள் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை வீசிவிட்டார்கள். நம் வாழ்க்கை வரலாறுகளில் நடந்த பெரிய இழப்பு இதுதான் என்று நினைக்கிறேன். மூல நூலில் இருந்த பொறியியல், மேடைப் பேச்சிலும் சிறுவர் பதிப்பிலும் நீதிக்கதையாகச் சுருங்கிவிட்டது.

தவானுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். 1972 முதல் 1984 வரை இஸ்ரோவின் தலைவர் என்பதும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பொறுப்பையும் விடாமல் வைத்திருந்தார் என்பதும் எல்லா நூல்களிலும் இருக்கும். அவர் என்ன ஆராய்ந்தார் என்பது இருக்காது. அமெரிக்காவின் கால்டெக்கில் 1951இல் முனைவர் பட்டம் பெற அவர் எடுத்துக்கொண்ட சிக்கல், ஒரு பரப்பின் மேல் காற்று ஓடும்போது அது பரப்பை எவ்வளவு இழுக்கிறது என்பது. அதுவரை பெரும்பாலும் மறைமுகமாகக் கணக்கிட்டுவந்த உராய்வை அவர் நேரடியாக அளந்தார். தட்டையான பரப்பில் ஒரு சிறு துண்டை மட்டும் தனியே பிரித்து, அசையக்கூடிய மெல்லிய தாங்கிகளில் நிறுத்தி, காற்று அதை எவ்வளவு நகர்த்துகிறது என்று மின்கருவியால் பார்த்தார். ஒலியைவிட வேகமான காற்றோட்டத்திலும் இதைச் செய்துகாட்டினார். படகைக் கரையேற்றி அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டும் ஒருவருக்கு, தண்ணீர் பலகையைப் பிடித்து இழுப்பது புதுச் செய்தியல்ல. அந்த இழுப்புக்கு எண் கொடுத்தவர் தவான். இரண்டு பத்தியில் சொல்லிவிடலாம். சொல்வதில்லை, ஏனென்றால் எழுதுபவரும் அதைப் படித்திருப்பதில்லை.

சி. வி. ராமன் வரலாறுகளிலும் இதே குறைதான். 1921 கப்பல் பயணமும் நீலக்கடலும் தவறாமல் வரும். 1928இல் அவரோடு ஆய்வுக்கூடத்தில் உழைத்த வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் ஒரு வாக்கியத்தில் கடந்துபோவார். ஜி. வெங்கட்ராமன் ராமனின் வாழ்வையும் இயற்பியலையும் சேர்த்தே ஆங்கிலத்தில் எழுதிக்காட்டினார். எனவே இது முடியாத காரியம் அல்ல.

இடமும் இந்தக் கதைகளில் காணாமல் போகிறது. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை பழவேற்காட்டு ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகிறது. குளிர்காலத்தில் இருபுறமும் பூநாரைகள் நிற்கும். அந்தச் சாலையில் ஆண்டுக்கணக்கில் போய்வந்த தவான், பிற்காலத்தில் பறவைகள் பறப்பதன் இயக்கவியல் குறித்துத் தனி நூலே எழுதினார். 1969இல் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஆளில்லாத வெற்றிடமாக இருக்கவில்லை. காட்டையும் ஏரியையும் நம்பி ஏனாதிப் பழங்குடி மக்கள் அங்கே வாழ்ந்தார்கள், அவர்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. இதை எழுதினால் விண்வெளித் திட்டத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. ஒரு சாதனைக்கு யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று முழுமையாகச் சொல்வது அதற்குச் செய்யும் மரியாதை.

இனி, வார்ப்புக்குள் அடங்காத ஒரு விஞ்ஞானி. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி. ஜே. சஞ்சீவராஜ். பல பத்தாண்டுகள் இந்த ஏரியையே ஆராய்ந்தார். ஏரியின் பெரிய உயிரினங்களைத் தொகுத்த அவருடைய நூலைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006இல் வெளியிட்டது. மீனவர்களையே பங்கேற்கச் செய்து கடலடியில் செயற்கைப் பார் அமைப்பது பற்றியும் ஆராய்ந்து எழுதினார். இறால், நண்டு, மடவை, கொடுவா, ஆளி என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, அளந்து, பெயரிட்டு, முகத்துவாரம் மணல் மூடிய ஆண்டில் என்ன குறைந்தது, திறந்த ஆண்டில் என்ன திரும்பியது என்று பார்க்கும் வேலைக்கு உச்சக்கட்டம் கிடையாது. எண்ணிக்கை பூஜ்யத்தை நோக்கி இறங்கும் நொடி இல்லை, செய்தியாளர் கூட்டம் இல்லை. ஆகவே வாழ்க்கை வரலாறும் இல்லை.

அவ்வகை ஆய்வுக்கும் குறை உண்டு. அதன் முடிவுகள் ஆங்கிலத்தில் வெளியாகி நூலகங்களில் தங்கிவிடுகின்றன. எந்த மீன் எந்த நீரில் எப்போது வரும் என்று ஆய்வாளருக்குச் சொன்ன மீனவர் அதில் பெயரில்லாமல் நிற்கிறார். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஊர்களில் இறால் பிடிக்க முறைவைத்து இடம் பகிரும் ‘பாடு’ வழக்கம் உலக ஆய்விதழ்கள்வரை போயிருக்கிறது. நீரோட்டத்தையும் உப்பையும் தலைமுறைகளாகக் கவனித்து அந்த முறையைக் கட்டியவர்கள் ஆய்வின் பொருளாக மட்டுமே அங்கே இடம்பெறுகிறார்கள். ராக்கெட் விஞ்ஞானியைப் புகழ்ந்து புகழ்ந்து அவருடைய வேலையை மறைத்தோம். ஏரி விஞ்ஞானியின் வேலை அச்சில் இருக்கிறது, ஆளை நாம் அறிமுகப்படுத்தவே இல்லை. இரண்டில் எது பெரிய தவறு என்றால், முதலாவதுதான் என்பேன். அது பிள்ளைகளிடம் நேராகப் போகிறது.

இது ஏட்டளவிலான கவலை அல்ல. காட்டுப்பள்ளியில் இன்று கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் இருக்கின்றன, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. துறைமுகத்தைச் சுமார் 6,000 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்துக்காக 2021இலும் 2023இலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. அப்படியொரு கூட்டத்தில் எழுந்து நின்று பேச இங்குள்ளவர்களுக்கு வேண்டியது, இந்த ஏரியில் என்னென்ன உயிர்கள் இருந்தன, இப்போது என்னென்ன இருக்கின்றன என்ற கணக்கு. உச்சக்கட்டமில்லாத அந்த ஆய்வுகள்தான் அந்தக் கணக்கைத் தருகின்றன. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை எழுதுபவரும் ஒரு விஞ்ஞானிதான். அவரிடம் எப்படி அளந்தீர்கள், எந்த மாதத்தில் அளந்தீர்கள், முகத்துவாரம் அப்போது திறந்திருந்ததா என்று கேட்கத் தெரிய வேண்டும். விஞ்ஞானி என்றால் வணங்க வேண்டிய உருவம் என்று மட்டுமே படித்து வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வி வாயில் வராது.

சஞ்சீவராஜின் பட்டியல் தமிழில் வர வேண்டும். ஒவ்வொரு உயிருக்கும் குப்பத்துப் பெயர் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்தப் பெயரைச் சொன்னவரின் பெயரும் அச்சேற வேண்டும். அதே அலமாரியில் தவானின் வாழ்க்கையும் இருக்கட்டும், உராய்வை அளந்த அந்தச் சிறு தகட்டின் படத்தோடு. எஸ்.எல்.வி-3 அத்தியாயத்தில் செய்தியாளர் கூட்டத்துக்கு ஒரு பக்கம் போதும். வால்வுக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள், அமிலம் எங்கே கசிந்தது என்று அம்புக்குறி போட்டு. அடுத்த ஏவுதல் நாளில் படகுகள் கரையில் நிற்கும்போது அதை எடுத்துவைத்துப் படிக்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.