இம்மானுவேல் வாக்கு

கி. பி. 1952 ஆம் ஆண்டிலே வேதாகமத்தின் திருத்திய ஆங்கிலப் பதிப்பொன்று அமெரிக்காவில் வெளிவந்தது. ஏசாயா ஏழாம் அதிகாரத்துப் பதினான்காம் வசனத்தில் ‘கன்னி’ நின்ற இடத்தில் ‘இளம்பெண்’ நிற்கக் கண்டு வெகுண்ட போதகரொருவர் அவ்வேட்டினை எரியூட்டினார். ஒரு சொல்லின் பொருட்டு இத்துணைச் சினம் எழுந்தமைக்குக் காரணம் உண்டு. மேசியாவின் வருகையை முன்னறிவித்தனவென்று கிறிஸ்தவர் கொள்ளும் பழைய ஏற்பாட்டு வாக்குக்களுள், மத்தேயு தம் சுவிசேடத்தில் முதற்கண் எடுத்தாள்வது இவ்வசனமே.

வாக்குப் பிறந்த களத்தை நோக்குவாம். கி. மு. 735 ஆம் ஆண்டளவிற் சீரிய அரசன் ரேத்சீனும் வடநாடாகிய இஸ்ரவேலின் அரசன் பெக்காவும் ஒருங்குகூடி யூதாவின்மேற் படையெடுத்தனர். எருசலேமின் மேற்குளத்து நீர்க்கால் அருகே யூதாவின் அரசன் ஆகாசைச் சந்தித்த ஏசாயா, அஞ்சற்க என்றார். பின்னர் இறைவனிடம் ஓர் அடையாளம் கேட்குமாறு பணித்தார். இறைவனைச் சோதித்தல் தகாதென மறுத்தான் அரசன். மொழி பக்தியுடையார் மொழி; மனமோ அசீரியப் பேரரசின் துணையை நாடியது. அப்பொழுது எழுந்ததே இவ்வாக்கு. பெண்ணொருத்தி மகனைப் பெறுவாள். ‘கடவுள் நம்மோடு’ எனப் பொருள்படும் இம்மானுவேல் என்னும் பெயர் அவனுக்கு உண்டாம். அம்மகவு நன்மை தீமை அறியுமுன்னரே பகையரசர் இருவர் நாடும் பாழாம் என்பது அதன் கருத்து. தமஸ்கு கி. மு. 732 இல் வீழ்ந்தது. சமாரியா 722 அளவில் வீழ்ந்தது. முற்றுகைக்கு அஞ்சி நின்றானொருவனுக்கு ஏழு நூற்றாண்டின் பின் நிகழும் பிறப்பொன்றே அடையாளமாகுமாறு யாங்ஙனம்? வாக்கினை முழுவதும் எதிர்காலத்துக்கே உரித்தாக்குவோர் இவ்வினாவுக்கு விடை கூறினாரல்லர்.

இனிச் சொல்லை நோக்குவாம். எபிரேய மூலத்திலுள்ள ‘அல்மா’ பருவமெய்திய இளம்பெண்ணைக் குறிப்பது. கன்னிமையைச் சிறப்பாகச் சுட்ட ‘பெத்தூலா’ என்னும் வேறு சொல் பெரும்பாலும் வழங்கும். எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பே ‘பார்த்தேனொஸ்’ என்று பெயர்த்தது. மத்தேயு கொண்டதும் அதனையே. எனினும் ஆதியாகமத்திலே கற்பழிக்கப்பட்ட தீனாளையும் அம்மொழிபெயர்ப்பு அதே சொல்லாற் குறித்தலின், அச்சொல்லும் இறுகிய வரையறை உடையதன்று. பின்வந்த அக்கிலா முதலியோர் ‘நெயானிஸ்’, அஃதாவது இளம்பெண், என்று பெயர்த்தனர். இரண்டாம் நூற்றாண்டினராகிய யுஸ்தீன், யூத ஆசிரியர் எழுபதின்மர் பாடத்தைப் புறக்கணிக்கின்றனரெனச் சாடினார். ‘அல்மா’ மறைந்துறையும் கன்னியைக் குறிக்குமென ஜெரோம் வாதித்தார். புலமை மிக்க வாதமேயாயினும், சொற்பிறப்பு வழக்கினை வெல்லாது. 1947 இற் கும்ரான் குகையிற் கிடைத்த ஏசாயாச் சுருளிலும் ‘அல்மா’ என்றே காண்கின்றது. தமிழ் வேதாகமத்துக் ‘கன்னிகை’யும் இளமை, மணமாகாமை என்னும் இரண்டனையும் தழுவி நிற்பதே. பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் பிறந்த யாழ்ப்பாணத்தில், மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாட்டை விரித்துரைத்தல் மிகையாம்.

அங்ஙனமாயின் மத்தேயு வழுவினாரோ? வசனத்திலிருந்து கன்னிப் பிறப்பினைப் புனைந்தாரென்பார் கூற்றுப் பொருந்தாது. லூக்கா இவ்வசனத்தை மேற்கோள் காட்டாமலே அப்பிறப்பினைக் கூறுகின்றார்; எனவே அந்நம்பிக்கை இச்சொல்லைப் பற்றி நின்றதன்று. மத்தேயு வாக்கிலிருந்து இயேசுவிடஞ் சென்றாரல்லர். இயேசுவை நம்பிப் பின்னர் வாக்கினிடம் மீண்டார். இஃது உரை, நிரூபணமன்று. இதனை நிரூபணமாக்கி யூதரோடு வழக்காடப் புகுந்தோரே ஏசாயாவை ஆகாசின் காலத்தினின்றும் பிரித்தனர். ஓர் உரையாசிரியரின் நுட்பத்தையும் இழந்தனர்.

அந்நுட்பம் பெயரிலே உள்ளது. ‘கடவுள் நம்மோடு’ என்னும் பொருளைத் தொடக்கத்தில் எடுத்துரைத்த மத்தேயு, இறுதி வசனத்திலே தம் மாணாக்கரோடு என்றும் இருப்பதாக இயேசு உறுதிகூற நூலை முடிக்கின்றார். நூல் முழுவதையும் இரு புறத்தும் அணைத்து நிற்பது அப்பெயரே. தாயின் நிலை குறித்த சொல்லன்று. ஆகாசு அப்பெயரைக் கேட்டும் தேறானாய், ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் அசீரிய வேந்தனுக்கு அனுப்பினான். 1952 இல் எரிந்த ஏட்டிலும் அப்பெயர் மாறாதே இருந்தது.