‘அல்லது’ என்னும் ஒரு சொல்

சட்ட நூலையும் இலக்கிய நூலைப் போலவே சொல் சொல்லாக நிறுத்திப் படித்தல் வேண்டும் என்பது நமது நெடுநாளைய எண்ணம். கவிதையில் ஒரு சொல் தவறினால் சுவை கெடும். சட்டத்தில் ஒரு சொல் தவறினால் ஒரு குடும்பமே அல்லற்பட நேரும்.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைகளை விரிவாகவே பேசிற்று. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் யார் என்பதற்கோ அதில் இலக்கணமே இல்லை. வழக்கின் போக்கை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், உதவிகள் அளிக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985இல் பிரகடனம் செய்தது. அதன் பின்னரும் நம் நாட்டுச் சட்டத்தில் அந்த இலக்கணம் நடைமுறைக்கு வர 2009ஆம் ஆண்டின் இறுதி நாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காப்பாளரும் சட்டப்படியான வாரிசும் அதில் அடங்குவர்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, புலன்விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், யாருக்குத் தெரிவிப்பது? தகவல் கொடுத்தவருக்கு ‘அல்லது’ பாதிக்கப்பட்டவருக்கு என்கிறது 193ஆம் பிரிவு. இந்த ‘அல்லது’தான் நம்மை உறுத்துகிறது. கொலையுண்ட மகனின் தாய் வீட்டில் மயங்கிக் கிடக்க, அண்டை வீட்டார் ஒருவர் காவல் நிலையத்திற்கு ஓடிப் புகார் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டால் சட்டத்தின் சொல் நிறைவேறிவிடுகிறது. தாயோ ஒன்றும் அறியாதிருப்பாள். ‘இருவருக்கும்’ என்று எழுதியிருக்கலாகாதா?

230ஆம் பிரிவில் இன்னொரு குறை. காவல்துறை அறிக்கை முதலிய ஆவணங்களின் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகக் கிடைக்கும். பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு, ஆனால், வழக்கறிஞர் இருந்தால் மட்டுமே! அடைப்புக்குறிக்குள் இடப்பட்ட அந்தச் சிறு நிபந்தனை, வழக்கறிஞர் வைக்க வசதியற்ற ஏழையைத்தான் வெளியே நிறுத்துகிறது.

எனினும், அதைக் கடக்க வழியில்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞரைக் கோரலாம். அந்தத் தாய் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் படியேறிவிட்டால், நகலைப் பெறத் தடையாய் நின்ற நிபந்தனை நீங்கிவிடும். குற்றவாளி யாரென்றே கண்டறியப்படாமல் விசாரணை நடைபெறாதபோதும், இழப்பீடு கேட்டு அங்கேயே விண்ணப்பிக்க 396ஆம் பிரிவு இடமளிக்கிறது. அவ்விண்ணப்பத்தின் மீதான விசாரணை இரண்டு மாதங்களுக்குள் முடிய வேண்டும்.

சட்டம் எழுதியவர்கள் ‘அல்லது’வைத் திருத்தட்டும். அதுவரை, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குவதும், 90 நாட்கள் கடந்தால் ‘வழக்கு எந்த நிலையில் உள்ளது?’ என்று எழுத்தில் கேட்பதும் நம் பொறுப்பாகிறது. படித்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு இவற்றை வாசித்துக் காட்டுவார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.