கரும்பெலிப் பண்ணை: மூன்று வாக்குறுதிகளும் ஒரு கணக்கும்

மேற்கு ஆப்பிரிக்காவில் கரும்பெலி என்ற பெரிய கொறிவிலங்கின் கறி ஏழையின் சாப்பாடு அல்ல. கானாவின் அக்ரா – குமாசி நெடுஞ்சாலையோரம் வேட்டைக்காரர்கள் அதைத் தூக்கிக் காட்டி விற்கும்போது, வண்டியை நிறுத்தி வாங்குபவர்கள் கையில் காசுள்ள நகரவாசிகள். 'சாப் பார்' எனப்படும் சாப்பாட்டுக் கடைகளில் புகையூட்டிய கரும்பெலிக் கறி சேர்த்த சூப்பும் ஃபூஃபூ என்ற களியும் தனி மரியாதை பெற்றவை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மாட்டிறைச்சியைவிட இதன் விலை கூடுதல்.

இந்த விலையைப் பார்த்துத்தான் கரும்பெலியைக் கூண்டில் வளர்க்கும் எண்ணம் வலுப்பெற்றது. 1970களில் கானாவிலும் நைஜீரியாவிலும் ஆய்வாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். 1980களில் பெனினில் ஜெர்மன் உதவியோடு ஒரு பெரிய திட்டம் தொடங்கி, இனப்பெருக்கம், தீவனம், கொட்டகை என வளர்ப்பு முறைகளை வகுத்துத் தந்தது. 1991இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் சிறு கால்நடைகளைப் பற்றி வெளியிட்ட நூலும் எதிர்காலம் உள்ள உயிரினங்களின் வரிசையில் இதைச் சேர்த்தது. அன்றிலிருந்து இந்தத் தொழில் மூன்று வாக்குறுதிகளோடு பரப்பப்படுகிறது: ஏழைக்குப் புரதம், உழவருக்கு வருமானம், காட்டுக்குப் பாதுகாப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்றில் ஒன்றுதான் தேறுகிறது. அதுவும் எல்லோருக்கும் அல்ல.

முதலில் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். பெயரில் எலி இருந்தாலும் இது வீட்டெலியின் சொந்தமல்ல. முள்ளம்பன்றிக்கும் கினிப்பன்றிக்கும் நெருங்கிய இனம். வளர்ந்த ஆண் 4 முதல் 6 கிலோ வரை நிற்கும். குடலின் பின்பகுதியில் நார்ச்சத்தை நொதிக்க வைத்துச் செரிப்பதால், மனிதர் தின்ன முடியாத முரட்டுப் புல்லை இறைச்சியாக்குகிறது. நம் ஊரில் பால் மாட்டுக்காக நடும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் பெற்றோரில் ஒன்றான யானைப்புல்தான் அங்கே இதன் முக்கிய உணவு. கினிப்புல், கரும்புத் தோகை, மக்காச்சோளத் தட்டை, மரவள்ளித் தோல் எல்லாம் ஆகும். கறியில் கொழுப்பு குறைவு. முடியைப் பொசுக்கித் தோலோடு சமைப்பதால் கழிவும் குறைவு. நிலமில்லாதவரும் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு வளர்க்கலாம். குட்டிகள் பிறக்கும்போதே கண் திறந்து, முடி முளைத்து, சில மணி நேரத்தில் ஓடத் தொடங்கிவிடும்.

இனி கணக்கு. ஒரு ஆணுக்கு மூன்று முதல் ஐந்து பெண்கள் என்று ஒரு குடும்பமாக வைப்பது வழக்கம். சினைக்காலம் சுமார் 152 நாள். ஈற்றுக்கு நான்கு குட்டிகள், ஆண்டுக்கு இரண்டு ஈற்று என்று வைத்தால், சாவைக் கழிப்பதற்கு முன் ஒரு பெண்ணுக்கு எட்டுக் குட்டிகள். முயலின் சினைக்காலம் 31 நாள். நன்றாகப் பராமரித்த பெண் முயல் ஆண்டில் இரண்டு டஜனுக்கு மேல் குட்டி தரும். இணைசேரத் தயாரான பெண் கரும்பெலியை இன்று வாங்கினால் ஐந்து மாதம் சினை, பிறகு குட்டி விற்பனை எடைக்கு வளர எட்டு முதல் பன்னிரண்டு மாதம். ஆக, முதல் காசு கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகிவிடும். அதுவரை தினமும் புல் அறுத்துப் போட வேண்டும். பற்கள் ஓயாமல் வளர்வதால் மரக் கூண்டைக் கடித்துத் துளைத்துவிடும் விலங்குக்குச் சிமெண்டுத் தரையும் கம்பிவலையும் போட்டுத் தர வேண்டும். கறிக்கோழியைப் போல ஆறே வாரத்தில் பணம் பார்க்கும் தொழில் அல்ல இது. இவ்வளவு காலம் காத்திருக்கும் தெம்பு உள்ளவர் பெரும்பாலும் வேறு வருமானமும் உள்ளவர். ஏழையின் தொழில் என்ற பேச்சு முதலில் இடறும் இடம் இதுதான்.

இன்னொரு சிக்கல் விலங்கின் இயல்பில் இருக்கிறது. பெரு நாட்டின் மலைவாசிகள் கினிப்பன்றியைப் பல ஆயிரம் ஆண்டுகளாக அடுப்படியிலேயே வளர்த்துப் பழக்கியிருக்கிறார்கள். கரும்பெலிக்குக் கூண்டு வாழ்க்கை சில பத்தாண்டுப் பழக்கம்தான். சத்தம், அந்நியர் நடமாட்டம், இடமாற்றம் எல்லாம் அதை மிரட்டும். பருவம் வந்த ஆண்களை ஒன்றாக அடைத்தால் கடித்துக் குதறிக்கொள்ளும். சிறு பண்ணையில் ஒரே கிடாவை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் உறவுக் கலப்பு நேர்ந்து, குட்டிகள் நலிகின்றன. கிடாக்களை ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இல்லாமல் கரும்பெலிக் குடும்பங்களை மட்டும் உழவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது பாதி வேலைதான்.

காட்டைக் காப்பாற்றும் என்ற வாதம் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கத்தக்கது. கரும்பெலி அழிவின் விளிம்பில் உள்ள விலங்கல்ல. காடு அழிந்து வயலும் புல்வெளியும் பெருகிய இடத்தில் அது செழிக்கிறது. கரும்பையும் மக்காச்சோளத்தையும் அழிக்கும் பயிர்ப் பகையாகவே உழவர் அதை அறிவார்கள். கானாவில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் தொடக்கம் வரையிலான வேட்டைத் தடைக் காலத்திலும், உரிமம் பெற்று இதை மட்டும் வேட்டையாட அனுமதி உண்டு. சேதம் வேட்டையின் முறையில்தான் இருக்கிறது. வறண்ட பருவத்தில் புதர்களுக்குத் தீ வைத்து விலங்கை விரட்டிப் பிடிக்கும்போது மற்ற உயிர்களும் மண்ணும் வேகின்றன. பண்ணை பெருகினால் தீ வைப்பது நிற்குமா? வேட்டைக்காரருக்குத் தீவனச் செலவு இல்லை, கொட்டகைச் செலவு இல்லை. பண்ணைக் கறியைவிட மலிவாக விற்க அவரால் எப்போதும் முடியும். வாங்குபவர்களில் பலரும் காட்டுக் கறியின் சுவையைத்தான் தேடுகிறார்கள். பண்ணையாளர் நம்பியிருக்கும் உயர்ந்த விலையே வேட்டைக்காரரையும் காட்டுக்கு இழுக்கிறது. பண்ணைகள் உண்மையிலேயே பெருகி விலை சரிந்தால் வேட்டை குறையலாம். ஆனால் மெதுவாகப் பெருகும் விலங்கை வைத்திருக்கும் பண்ணையாளரே அந்தச் சரிவில் முதலில் கவிழ்வார். வருமானமும் காட்டுப் பாதுகாப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவில்லை, எதிரெதிரே இழுக்கின்றன.

நோய் அச்சத்தையும் ஒதுக்க முடியாது. 2014இல் எபோலா பரவியபோது கோட் டிவார் காட்டிறைச்சியைத் தடை செய்தது. பக்கத்து நாடுகளிலும் வாங்குபவர்கள் பின்வாங்கினார்கள். கூண்டில் வளர்ந்ததா, காட்டில் சுட்டதா என்று சந்தையில் பிரித்துக் காட்ட வழியில்லாதபோது பண்ணையாளரும் சேர்ந்தே அடிபடுவார். சீனாவின் அனுபவம் இதைவிடக் கடுமையானது. அங்கே இதே போன்ற கொறிவிலங்கான மூங்கில் எலியின் பண்ணைகளை வறுமை ஒழிப்பு என்ற பெயரில் உள்ளூர் அரசுகளே ஊக்குவித்தன. கோவிட் பரவியதும் 2020 பிப்ரவரியில் காட்டு விலங்கு உண்பதற்கு வந்த தடையில் அந்தப் பண்ணைகளும் மூடப்பட்டன. பிறகு இழப்பீடு தரவேண்டி வந்தது. சட்டத்தின் கண்ணில் கால்நடையாகாத விலங்கை நம்பிக் கடன் வாங்குபவர் இந்த ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

அப்படியானால் கைவிட வேண்டிய முயற்சியா? இல்லை. புல் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில், நகரச் சந்தை அருகில் உள்ளவருக்கு, வேறு வருமானத்தோடு சேர்ந்த துணைத் தொழிலாக இது பொருத்தமானது. தரமான கறிக்கு நல்ல விலை வாங்கும் தொழில் என்று நேராகச் சொன்னால் இதற்கு நியாயம் உண்டு. பிழை, பசி தீர்க்கும் திட்டமாகவும் காடு காக்கும் திட்டமாகவும் இதை விற்றதில் இருக்கிறது. புரதம்தான் குறிக்கோள் என்றால் கோழிக்கும் முயலுக்கும் அதே பணத்தைப் போடலாம். தீயை நிறுத்துவதுதான் குறிக்கோள் என்றால் தீ வைப்பதைக் கண்காணிக்க வேண்டும். கரும்பெலிதான் வேண்டும் என்றால், கரும்பெலிக் குடும்பங்களை இலவசமாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதை விட்டு, ஒன்றரை ஆண்டு பொறுக்கும் கடன், கிடா மாற்று ஏற்பாடு, பண்ணைக் கறிக்குத் தனிச் சான்று ஆகிய மூன்றையும் தர வேண்டும். இவற்றைத் தர முடியாத அரசோ அமைப்போ ஏழைக் குடும்பத்தின் கொல்லையில் கூண்டு வைக்காமல் இருப்பதே நல்லது.