ஈடுஜோடான சண்டை

கதை எழுதுகிறவனுக்கு இரண்டு பேர் போடும் சண்டையைப் போலக் கஷ்டமான காரியம் வேறு கிடையாது. யார் ஜயிக்க வேண்டும் என்பதை அவன் முன்பே தீர்மானித்துவிடுகிறான். பிறகு அதற்குத் தக்கபடி ஒருவனுக்குக் கொஞ்சம் பலத்தையோ, மற்றவனுக்குக் கொஞ்சம் அசட்டுத்தனத்தையோ சேர்த்து வைக்கிறான். வாசகர்கள் இதைச் சுலபமாக மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். இந்தக் கண்ணோடுதான், கம்ப்யூட்டரில் யுத்த விமானம் ஓட்டி இணையத்தின் வழியே ஒருவரோடொருவர் மோதுகிறவர்களின் சண்டைகளைச் சில மாதங்களாகப் பார்த்து வருகிறேன். நல்ல நாடகம் அது. ஆனால் அதில் ஒரு பெரிய குறையும் இருக்கிறது.

2011இல் வெளிவந்த ‘க்ளிஃப்ஸ் ஆஃப் டோவர்’ என்ற விளையாட்டு, 1940இல் இங்கிலாந்துக்கு மேலே நடந்த ஆகாயப் போரைத் திரையில் கொண்டுவருகிறது. பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரும் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109ம் வேகத்தில் கிட்டத்தட்ட ஒரு நிறை. ஸ்பிட்ஃபயர் இன்னும் சின்ன வட்டத்தில் திரும்பும். ஆனால் அதன் எஞ்சினுக்குப் பெட்ரோல் கார்புரேட்டர் வழியாகப் போவதால், மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால் எஞ்சின் விக்கித் திணறும். 109க்கு அந்த வியாதி இல்லை. அதன் எஞ்சினில் பெட்ரோல் நேரே பீச்சப்படுகிறது. ஆகவே ஜெர்மானியன் தப்ப வேண்டுமானால் மூக்கைத் தள்ளிப் பாய்ந்துவிடுவான். துரத்துகிறவன் முதலில் மல்லாந்துகொண்டு பிறகு கீழே இழுக்க வேண்டும். அந்த இரண்டொரு வினாடிக்குள் ஆசாமி தூரத்துப் புள்ளியாகிவிடுவான். பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் எஞ்சினீயர் துவாரமிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டை 1941இல் பெட்ரோல் குழாயில் பொருத்தி, இந்தக் கோளாறைப் பெருமளவு அடக்கினார். விளையாட்டை உண்டாக்கியவர்கள் அந்தத் திணறலைக்கூட விடவில்லை என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இருவரும் ஒரே ரக விமானத்தில் ஏறும்போதுதான் எனக்கு ருசி தட்டுகிறது. ஒரே உயரம், ஒரே வேகம். எதிரும் புதிருமாக வந்து, சுடாமல் ஒருவரையொருவர் கடந்த பிறகே சண்டை ஆரம்பம் என்பது வழக்கம். அமெரிக்கக் கடற்படை விமானி ராபர்ட் ஷா 1985இல் வெளியிட்ட ஆகாயப் போர் நூல் இவர்களுக்கு வேதம் மாதிரி. சமமான விமானங்களின் சண்டைக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. இரண்டு வழிகளை அவர் விவரிக்கிறார். எதிரியின் முதுகுப் பக்கம் போய்ச் சேரக் கோணத்துக்காகப் போராடுவது ஒன்று. சக்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டு போராடுவது மற்றொன்று. உயரம் என்பது பெட்டியில் பூட்டிய பணம். வேகம் கையில் புரளும் சில்லறை. ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளலாம். கடுமையாகத் திரும்பினாலோ இரண்டும் கரையும். அவசரக்காரன் பிடியை இழுத்துப் பிடித்துச் சீக்கிரம் திரும்பிவிடுகிறான். அப்போதே சுட வாய்த்தால் வெற்றி அவனுக்கு. வாய்க்காவிட்டால் கைமுதல் போய் ஆகாயத்தில் தள்ளாடுகிறான். சாய்வாக மேலேறிக் காத்திருந்த மற்றவன் கழுகுபோல் இறங்குகிறான். விமானத்தின்மேல் பழி போட இடமில்லை. செலவாளி யார், கருமி யார் என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துபோகிறது. இருநூறு பக்க நாவலில் ஒரு பாத்திரத்தை இவ்வளவு துலக்கமாகக் காட்ட முடிந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

கத்தரிக்கோல் என்று ஒரு முறை இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் பறக்கும் இருவரும் குறுக்கும் நெடுக்குமாக ஒருவர் பாதையை ஒருவர் வெட்டுகிறார்கள். முன்னே போய்விட்டவன் துப்பாக்கிக்கு எதிரே அகப்பட்டுக்கொள்வான். ஆகவே, விழுந்துவிடாமல் யார் அதிக மெதுவாகப் போகிறார்கள் என்பதுதான் பந்தயம். முன்னூறு மைல் வேகத்துக்கென்று செய்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஆமை ஓட்டம்! இறக்கைகள் நடுங்குகின்றன, யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. சில சமயம் இருவருமே சுழன்று விழுகிறார்கள்.

இனிக் குறைக்கு வருகிறேன். நாற்காலியில் இருப்பவனுக்கு உடம்பு கனப்பதில்லை, திரை இருளுகிறதே தவிர அவனுடைய ரத்தம் தலையை விட்டு இறங்குவதில்லை என்பதையெல்லாம் நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். செத்தவன் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி கிளம்புகிறானே என்பதும் எனக்குப் பொருட்டல்ல. நாடகத்தில் செத்தவனும் மறுநாள் மேடைக்கு வருகிறான். இந்தச் சண்டைக்காரர்களுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இல்லை. அதுதான் குறை.

1916 நவம்பர் 23ஆம் தேதி பிரான்சில் பாபோம் ஊருக்கருகே நடந்த சண்டையைப் பாருங்கள். பிரிட்டிஷ் மேஜர் லேனோ ஹாக்கருக்கு டி.ஹெச்.2 விமானம், ரிஷ்டோஃபனுக்கு அல்பட்ராஸ். முன்னது சின்ன வட்டத்தில் திரும்பும், பின்னது வேகத்திலும் ஏற்றத்திலும் மேல். இருவரும் தேர்ந்தவர்கள். சுற்றிச் சுற்றி, வட்டம் வட்டமாகக் கீழே இறங்கினார்கள். காற்றோ ஜெர்மானியர் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஹாக்கர் தம் எல்லையிலிருந்து இன்னும் கொஞ்சம் விலகினார், பெட்ரோலும் குறைந்தது. தரைக்குச் சமீபத்தில் அவர் சுற்றுவதை விட்டுவிட்டுத் தம் பக்கத்தை நோக்கி ஓடினார். பின்தலையில் குண்டு பாய்ந்தது. வட்டத்துக்குள் இருந்தவரை ரிஷ்டோஃபனால் அவரை வீழ்த்த முடியவில்லை. வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் அவர் செத்தார்.

இணையத்தின் துவந்த யுத்தங்களில் அநேகமாகக் காற்று அடிப்பதில்லை. கனம் குறையட்டும் என்று பெட்ரோலையும் கொஞ்சமாகவே நிரப்பிக்கொள்கிறார்கள். தீருமுன் ஒருவன் விழுந்துவிடுவான் என்று தெரியும். முடிந்ததும் சல்யூட்டுக்கு அடையாளமாக ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த ஆட்டம். நாகரிகமான பழக்கம்தான். ஆனால் சமபலம் வேண்டுமென்று எல்லாவற்றையும் துடைத்ததில் கதையையும் துடைத்துவிட்டார்கள். காற்றையும் பெட்ரோலையும் அந்த விளையாட்டிலேயே வைத்துக்கொள்ள வசதி உண்டு. 1940இல் லண்டன் வரை வந்த 109க்குச் சண்டை போடச் சுமார் பத்து நிமிஷத்துப் பெட்ரோல்தான் மிச்சம். அப்புறம் கால்வாயைத் தாண்டியாக வேண்டும். ஸ்பிட்ஃபயர்காரன் தன் வீட்டுக்கு மேலேயே இருக்கிறான். இப்படி வைத்துக்கொண்டு இரண்டு கெட்டிக்காரர்கள் மோதுவதாக இருந்தால், எத்தனை மணியானாலும் விழித்திருந்து பார்க்க நான் தயார்.