தரவரிசையும் தமிழ்த்துறைகளின் கல்வி வலிமையும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

சேத்தியாத்தோப்பில் இரு சாலைகள் சந்திக்கின்றன. ஒன்று விருத்தாசலத்தையும் சிதம்பரத்தையும் இணைப்பது. மற்றொன்று வடக்கே நெய்வேலி வழியாகச் சென்னைக்கும், தெற்கே கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்கும் செல்வது. இவ்வூரிலிருந்து தமிழில் முதுகலை பயிலவோ முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ளவோ விழையும் மாணவர்க்குச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகமும், சென்னையில் சென்னைப் பல்கலைக்கழகமும் உள்ளன. இவற்றுள் எதனைத் தேர்வது என்னும் வினாவிற்கு இன்று பலரும் நாடுவது தரவரிசைப் பட்டியலையே. அவ்வினாவிற்கு விடையளிக்கும் ஆற்றல் அப்பட்டியலுக்கு உண்டா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பட்டியல் அளப்பது

தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு 2015-இல் அறிவிக்கப்பட்டது. அதன் முதற் பட்டியல் 2016-இல் வெளிவந்தது. பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை கற்றல் கற்பித்தலும் வளங்களும் 30 விழுக்காடு, ஆய்வும் தொழில்முறைச் செயற்பாடும் 30, பட்டம் பெறுவோர் நிலை 20, பரவலும் உள்ளடக்கமும் 10, நன்மதிப்பு 10 என்று அது மதிப்பெண்களைப் பகுக்கிறது. அளவுகோல்களும் அவற்றின் எடையும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருப்பது இம்முறையின் சிறப்பாகும். பொறியியல், மருத்துவம், மருந்தியல், சட்டம், வேளாண்மை முதலியவற்றிற்குத் தனிப்பட்டியல்களும் வெளியிடப்படுகின்றன. மொழி, இலக்கியத் துறைகளுக்கு அத்தகைய பட்டியல் இல்லை. ஆகவே தமிழ் மாணவர் பார்ப்பது துறையின் இடத்தையன்று. பல்கலைக்கழகம் முழுமைக்கும் கிடைத்த இடத்தையே.

துறை மறையும் இடம்

ஆய்வு மதிப்பெண்ணில் பெரும்பங்கு வகிப்பன கட்டுரைகளின் எண்ணிக்கையும் அவை பெற்ற மேற்கோள்களும் ஆகும். இவை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களிலிருந்து பெறப்படுகின்றன. தமிழில் வெளிவரும் ஆய்விதழ்கள் இத்தளங்களில் இடம்பெறுவது மிக அரிது. தமிழாய்வின் தலையாய பயன்களாகிய மூலபாடப் பதிப்பு, அகராதி, உரைவிளக்கம், சுவடி அட்டவணை ஆகியனவும் கட்டுரைக் கணக்கில் அடங்குவன அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கம்பராமாயணத்தைப் பாடவேறுபாடுகளுடன் பல தொகுதிகளாகப் பதிப்பித்தது. பல்லாண்டு உழைப்பில் விளையும் இத்தகைய பணியை மூன்றாண்டுக் கட்டுரை எண்ணிக்கையால் அளத்தல் இயலாது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருந்த இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-இல் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. இத்தகைய மாற்றத்தால் ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டுரைக் கணக்கும் நிதிக் கணக்கும் மாறக்கூடும். தமிழ்த்துறையின் ஆசிரியரோ நூலகமோ பாடத்திட்டமோ அதனால் மாறுவதில்லை. மறுதலையாக, 1981-இல் தமிழாய்வுக்கெனவே தோற்றுவிக்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்திற்கு மருத்துவக் கட்டுரைகளோ பொறியியற் காப்புரிமைகளோ துணைநிற்பதில்லை. இவ்விரு நிறுவனங்களின் மொத்த இடங்களை ஒப்பிட்டு அவற்றின் தமிழ் முதுகலைக் கல்வியின் தரத்தைத் துணிவது பொருந்தாத ஒப்பீடாகும்.

துறைவாரி மதிப்பீட்டின் படிப்பினை

துறைவாரியாக மதிப்பிடும் முயற்சி புதியதன்று. அமெரிக்காவில் ரேமண்ட் ஹியூஸ் 1925-இல் வெளியிட்ட ஆய்வு, ஒவ்வொரு துறையிலும் அத்துறை அறிஞர்களின் கருத்தைக் கேட்டுப் பட்டமேற்படிப்புத் துறைகளை வரிசைப்படுத்தியது. இம்முறையில் துறையறிவு மதிப்புப் பெறுகிறது. ஆயினும் பழம்பெருமை இன்றைய தரமாகக் கொள்ளப்படும் இடர் உண்டு. அந்நாட்டின் தேசிய ஆய்வுக் குழு 2010-இல் 212 பல்கலைக்கழகங்களின் 5,000-க்கும் மேற்பட்ட முனைவர் பட்டத் திட்டங்களை 62 துறைகளில் மதிப்பிட்டது. அது ஒரே எண்ணைத் தராமல், ஒரு துறை எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அமையக்கூடும் என்னும் எல்லையைத் தந்தது. தரவுகள் திரட்டப்பட்ட காலத்திற்கும் வெளியீட்டிற்கும் இடையே ஆண்டுகள் கடந்தமை அதன் குறை. எனினும் 14-ஆம் இடத்திற்கும் 17-ஆம் இடத்திற்கும் இடையே மெய்யான வேறுபாடு இல்லாதிருக்கலாம் என்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

தரவரிசையே வேண்டா என்பது இதற்குத் தீர்வாகாது. பொதுநிதி பெறும் நிறுவனங்கள் தம் பணியைக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவை. மேலும், பட்டியலில் முதல் 100 இடங்களுக்குள் அமைதல் இணையவழிப் பட்டப்படிப்பு நடத்துவதற்குரிய தகுதிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. பட்டியல் காணாத பணி நாளடைவில் ஆசிரியர் நியமனத்திலும் நிதி ஒதுக்கீட்டிலும் புறக்கணிக்கப்படும். பதிப்புப் பணியில் ஈடுபடும் இளம் ஆய்வாளர் அதனைக் கைவிட்டு, எண்ணிக்கைக்கு உதவும் சிறு கட்டுரைகளை நாடுவார். இழப்பு தமிழாய்வுக்கே.

முடிவுரை

தமிழ்த்துறைகளை ஒப்பிடுவதற்கு வேறு அளவுகோல்கள் தேவை. பத்தாண்டுக் காலத்தில் வெளிவந்த பதிப்புகளும் அகராதிகளும், சோத்கங்கா தளத்தில் காணக்கிடைக்கும் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் தரம், நெறியாளர் ஒருவர்க்குரிய ஆய்வாளர் எண்ணிக்கை, சுவடி நூலக வசதி, பட்டம் பெற்றோரின் பிற்காலப் பணி ஆகியன அவற்றுள் அடங்கும். இவற்றைத் துறை அறிஞர் குழு மதிப்பிட்டு, ஒற்றை எண்ணாக அல்லாமல் எல்லையாக வெளியிடுதல் நலம். அத்தகைய மதிப்பீடு உருவாகும்வரை, தமிழ் பயில விழையும் மாணவர்க்குப் பட்டியலின் மொத்த இடத்தைக் காட்டிலும் அத்துறையின் ஆய்வேடுகள் சிலவற்றைப் படித்துப் பார்ப்பதே நம்பத்தகுந்த வழிகாட்டியாகும்.