யோகி கரடியின் கழுத்துப்பட்டை

தொடக்ககாலத் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களைப் படமிட்ட வானொலி என எள்ளினார் சக் ஜோன்ஸ். 1958இல் தோன்றிய யோகி கரடியை மீண்டும் நோக்குமிடத்து, இம்மதிப்பீடு பாதியளவே பொருந்துகிறது. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா இருவரும் எம்.ஜி.எம். நிறுவனத்தில் உருவாக்கிய டாமும் ஜெர்ரியும் பெரும்பாலும் பேசாதவை. உடலே அவற்றின் மொழி. 1957இல் அந்நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. தொலைக்காட்சி தந்த சிறுதொகையில் உடலசைவு முழுவதையும் வரைய இயலவில்லை. உடல் நின்றது, வாய் பேசத் தொடங்கியது. யோகியின் கழுத்துப்பட்டையும் டையும் இச்சிக்கனத்தின் தடயங்களாகும். அசையும் தலையைத் தனித்தாளில் வரைந்து அசையா உடலின்மீது பொருத்தும்போது தோன்றும் இணைப்பை அவை மறைத்தன.

ஆயின் இவ்வணி கதைக்குள் வேறொரு பொருளைப் பெறுகிறது. சட்டையின்றி டை மட்டும் அணிந்த கரடி அரைமனிதத் தகுதியுடையது. பஞ்சதந்திர விலங்குகளுக்குப் பேச்சு நீதியுரைக்கும் கருவி. யோகிக்கோ அது வாதாடும் உரிமை மட்டுமே. வனக்காவலர் ஸ்மித்துடன் எவ்வளவு வாதிட்டாலும், ஜெல்லிஸ்டோன் பூங்காவில் சுற்றுலாப் பயணியரின் உணவுக்கூடை அதற்கு விலக்கப்பட்டதே. அக்கால யெல்லோஸ்டோனில் கரடிகள் சாலையோரம் நின்று பயணியரிடம் உணவு பெற்றன என்பதால், இதனை வெறுங்கற்பனை என ஒதுக்குவதற்கில்லை. வனத்தைக் காட்சிப்பொருளாக்கிய ஏற்பாட்டில் விலங்கின் இடம் யாது என்னும் வினா இந்நகைச்சுவைக்குள் உறைந்துள்ளது. அதனை ஏந்தி நிற்பது பெரிதும் டாஸ் பட்லரின் குரலே. ஒரே மரங்கள் மீண்டும் மீண்டும் கடந்துசெல்லும் ஓட்டக்காட்சிகள் இன்று சலிப்பூட்டுகின்றன, உரையாடல் சலிப்பூட்டவில்லை.