மஞ்சள் இல்லம் யாருடைய வீடு?

கான்வென்ட் பள்ளிகளில் கல்வியாண்டு தொடங்கியதும் மாணவிகளை நான்காகப் பிரித்துவிடுவார்கள்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். நிறத்தோடு ஒரு புனிதரின் பெயரோ நற்பண்பின் பெயரோ சேர்ந்துவரும். பேச்சில் அது ஹவுஸ்; ஆண்டுமலரில் ‘இல்லம்’. புதிதாக வரும் பிள்ளை தனித்துப் போகாமல், ‘இது என் பள்ளி’ என்று உணரத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். அந்த நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. இல்லம் என்ற சொல் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன வாக்களிக்கிறது, அதற்கு என்ன விலை கேட்கிறது என்பதே என் கேள்வி.

ஜெகதளாவிலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. இங்கே படகர் ஹட்டி உண்டு. பக்கத்தில் அருவங்காட்டு கார்டைட் ஃபேக்டரி குவாட்டர்ஸ். சுற்றுவட்டாரத்தில் தேயிலைத் தோட்ட லயன்கள். குவாட்டர்ஸ் அப்பாவின் வேலையோடு வருவது. ஓய்வு பெற்றால் காலிசெய்ய வேண்டும். லயன் வீடு அம்மா கொழுந்து பறிக்கும் வரைதான். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு நீலகிரிக்கு வந்த குடும்பங்களுக்கு இது இரண்டாம் முறை படித்த பாடம். ஹட்டி வீடு நிலையானது. ஆனால் வழக்கப்படி ஆண்வழியில் போவது. ஹெத்தை என்ற மூதாட்டியைத் தெய்வமாகக் கும்பிடும் ஊரிலும் வழக்கம் அப்படித்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்குண்டு என்று தமிழ்நாட்டுச் சட்டம் 1989இலேயே சொன்னது. 2005இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. சட்டத்தின் வேகத்தில் வழக்கம் மாறவில்லை. ஆக, இந்த மூன்று பிள்ளைகளுக்கும் வீடு என்பது வேறொருவர் பெயரில் இருப்பது. பள்ளி தரும் ‘இல்லம்’தான் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளும் முதல் வீடு. அந்தச் சின்ன பேட்ஜுக்கு அத்தனை கனம் வந்தது அதனால்தான்.

மஞ்சள் இல்லத்தில் இருந்தவள் என்ற முறையில் இதன் நன்மையும் எனக்குத் தெரியும். வகுப்பில் தனித்தனி பெஞ்சில் உட்காரும் ஹட்டிப் பிள்ளையும் லயன் பிள்ளையும் விளையாட்டு விழாவில் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தாக வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாதவளுக்குப் பேச்சுப்போட்டிக்கு முன் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொடுப்பவள் இல்லத்தின் மூத்த அக்காதான். பெண்கள் ஒருவரையொருவர் தாங்கக் கற்பது சிறிய விஷயமல்ல.

ஆனால் இம்முறை பிறந்த இடம் வேறு. இங்கிலாந்தில் ஆண்களுக்கான உறைவிடப் பள்ளிகளில் மாணவர்கள் தனித்தனிக் கட்டடங்களில் தங்கினார்கள். உண்டு உறங்கிய இடமே ஹவுஸ். பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1858இல் தொடங்கப்பட்ட லவ்டேல் லாரன்ஸ் பள்ளி போன்ற உறைவிடங்களில் அந்தச் சொல்லுக்குப் பொருளுண்டு. காலையில் வந்து மாலையில் திரும்பும் பள்ளிக்கு அது இறங்கியபோது கூரையும் சோறும் கழன்றுவிட்டன. மிஞ்சியவை போட்டியும் கண்காணிப்பும்.

நான் படித்த பள்ளியின் புள்ளிப் பலகை இதற்குச் சாட்சி. ஓட்டத்தில் வென்றால் புள்ளி ஏறும். தாமதமாக வந்தால், ரிப்பன் மாறியிருந்தால், நகம் வளர்ந்திருந்தால், தமிழில் பேசினால் குறையும். பனிமூட்டத்தில் பஸ் வராத நாளில் யார் தாமதமாவாள்? மழைக்காலத்தில் இருக்கிற ஒரே ஜோடி சாக்ஸை அடுப்பருகே காயவைப்பவள் யார்? ஏழ்மை அங்கே ஒழுங்கீனமாகப் பதிவாகிறது. தண்டனை மொத்த இல்லத்துக்கும் விழுவதால் தோழிகளே காவலர்களாகிறார்கள். ‘உன்னாலதான் நம்ம ஹவுஸுக்கு மைனஸ்’ என்ற பேச்சு, ‘குடும்ப மானம் உன் கையில’ என்று வீட்டில் கேட்ட பேச்சின் பள்ளிப் பதிப்பு. ஒருத்தியின் கூந்தலும் உடையும் எல்லோருடைய மானமாவதை இரண்டு இடத்திலும் அவள் படிக்கிறாள்.

கத்தோலிக்க மரபுக்குள்ளேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. புனித ஜோன் ஆஃப் ஆர்க் 1431இல் எரிக்கப்பட்டபோது அவர்மீதிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று ஆணுடை அணிந்தது. 1920இல் திருச்சபை அவரைப் புனிதராக்கியது. அவர் பெயரை ஓர் இல்லத்துக்கு வைத்துவிட்டுச் சீருடைக்காகப் புள்ளி குறைக்க முடியுமா? அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மதுரை மறைப்பணித்தளத்தில் பொறுப்பிலிருந்த பிரெஞ்சுத் துறவி, பாடுகளின் மரியா, 1876இல் பதவி நீக்கப்பட்டார். அவரும் மற்றவர்களுமாக 20 கன்னியர் தங்கள் சபையிலிருந்து விலகி ஊட்டியில் ஒன்றுகூடினார்கள். 1877 ஜனவரி 6 அன்று ரோம் அவர்களுடைய புதிய சபைக்கு ஒப்புதல் தந்தது. அதுவே மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபணியாளர் சபை. ஊட்டி நாசரேத் கான்வென்ட் அந்தச் சபையுடையது. இந்த மலையின் கான்வென்ட் கல்விக்குப் பின்னால், தமக்கு இடம் மறுத்த வீட்டைவிட்டு வெளியேறிய பெண்களின் முடிவு இருக்கிறது. அடங்கியிருந்து இடம் பிடித்தவர்கள் அல்ல அவர்கள்.

ஆகவே ஹவுஸ் முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. அதை உண்மையிலேயே இல்லமாக்கச் சொல்கிறேன். கழிக்கும் புள்ளிகளை முதலில் எடுத்துவிடலாம். பெயரை மாணவிகளே தேர்ந்தெடுக்கட்டும். பஸ்ஸைத் தவறவிட்டவளுக்கு நோட்ஸ், மாதவிடாய் வலியில் இருப்பவளுக்குத் துணை, பள்ளிக்கு வராமல் நின்றுபோனவளின் வீட்டுக்குப் போய் ஒரு விசாரிப்பு என்று இவையெல்லாம் இல்லத்தின் வேலையாகட்டும். ஆண்டு விழாவில் கோப்பை எந்த நிறத்துக்குப் போயிற்று என்று எல்லோரும் கேட்பார்கள். ஜூனில் எழுதிய பெயர்ப் பட்டியலில் மார்ச்சில் யார் யார் இல்லை, ஏன் இல்லை என்று கேட்கும் இல்லம்தான் அவளுடைய வீடு.